ஸ்கேனில் தேடாதது கிடைத்தால்

புற்றுநோய்க்கு எடுத்த சி.டி. ரிப்போர்ட்டில் "இடது அட்ரீனலில் 1.8 செ.மீ. கட்டி" என்று ஒரு வரி. அவ்வளவுதான், பரவிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பொறுங்கள். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பியில் கெடுதல் செய்யாத கட்டி வருவது சகஜம்.

பிரித்தறிய வழி உண்டு. கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து) ஏற்றாத படத்தில் கட்டியின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் அளப்பார்கள். கட்டி ஒரே சீராக இருந்து, எண் 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது கொழுப்பு நிறைந்த அடினோமா, அதாவது கெடுதல் செய்யாத கட்டி. புற்றுநோய் உள்ளவருக்கும் இது பொருந்தும். ஆனால் நோயின் நிலையறிய எடுக்கும் சி.டி. பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் ஏற்றியதாகவே இருக்கும். அதில் சாதுவான அடினோமாவும் 60, 70 என்று காட்டும். அந்த எண்ணை வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. பெட் சி.டி. (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிர வைத்துக் காட்டும் ஸ்கேன்) எடுத்திருந்தால் கான்ட்ராஸ்ட் இல்லாத படம் பல சமயம் அதிலேயே இருக்கும். புதிதாக ஸ்கேன் எடுக்கும் முன் அதில் அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதைவிட எளிய வழி, பழைய ஸ்கேன். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கொண்டுபோங்கள். அன்று யாரும் எழுதாமல் விட்ட கட்டி அந்தப் படத்தில் இதே அளவில் இருக்கலாம். வளராமல் இருந்தால் பரவல் என்ற சந்தேகம் குறையும்.

பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றும் இல்லை. வெள்ளணு ஏற்றும் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும். தடுப்பூசி போட்ட கையின் அக்குள் நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) ஒளிரும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை குடலை ஒளிர வைக்கும். காசநோய் நெறிகளும் அப்படித்தான். ஊசி போட்ட தேதி, எந்தக் கை, என்ன மாத்திரை எல்லாவற்றையும் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தைராய்டில் ஒரே புள்ளியாக ஒளிர்ந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். சுமார் மூன்றில் ஒன்று புற்றாக இருக்கும். அல்ட்ராசவுண்டு பார்க்க வேண்டும். அதையும் எப்போது பார்ப்பது என்பதை ஏற்கெனவே உள்ள புற்றுநோயின் நிலைதான் தீர்மானிக்கும்.

உண்மையில் அன்றே ஓட வேண்டிய ஒன்று இருக்கிறது: நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி (பல்மனரி எம்போலிசம்). மூச்சுத்திணறலே இல்லாதவருக்கும் வழக்கமான சி.டி.யில் இது தற்செயலாகத் தென்படும். அறிகுறி இல்லை என்று விட முடியாது. பெரும்பாலும் அறிகுறி உள்ளவருக்குத் தருவது போலவே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தருவார்கள், குறைந்தது மூன்று மாதங்களுக்கு. இதை ரிப்போர்ட்டின் கடைசி வரியில் எழுதிவிட்டு ரேடியாலஜிஸ்ட் அடுத்த படத்துக்குப் போவது தவறு என்பேன். உடனே சிகிச்சை தரும் மருத்துவரைப் போனில் கூப்பிட வேண்டும். நீங்களும் "பல்மனரி எம்போலிசம்" என்ற சொற்களைக் கண்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். மணி இரவு எட்டானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.