மணிக்கு 13 டாலர் போதாது

டாலஸ் தமிழ் நண்பர்கள் குழு ஒன்றில் ஒருவர் கேட்டார்: "பராமரிப்பு வேலைக்கு வர்றவங்களுக்குச் சம்பளம் பத்தலைன்னா அவங்களை வேலைக்கு வச்சிருக்கிற ஏஜென்சியைத்தானே கேக்கணும்? கவர்மென்ட் எதுக்கு ரேட்டை ஏத்தணும்?" நியாயமான கேள்வி. குழுவில் நாலு வரியில் பதில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம், கூடவே வலிப்பு நோயும் உண்டு. பேச்சு கிடையாது. வளர்ந்த ஆள், என்னைவிட ஓரடி உயரம். மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் மருத்துவ உதவி) திட்டத்தின் கீழ் ஒரு ஏஜென்சி வழியாக அவனுக்குப் பராமரிப்பாளர் வருகிறார். அதனால் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

ஒரு ஹோட்டல்காரர் சமையல்காரருக்குச் சம்பளம் கூட்டினால் தோசை விலையை ஏற்றிக்கொள்ளலாம். பராமரிப்பு ஏஜென்சிக்கு அந்த வழி இல்லை. அது தரும் சேவைக்கு விலை வைப்பது தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் மாநில அரசு. சட்டமன்றம் எவ்வளவு ஒதுக்குகிறதோ அதுதான் ரேட். நாங்கள் கையிலிருந்து கொஞ்சம் சேர்த்துத் தருகிறோம் என்று சொன்னாலும் ஏஜென்சி வாங்கக் கூடாது. மெடிக்கெய்ட் கொடுப்பதையே முழுத் தொகையாக ஏற்க வேண்டும் என்பது ஃபெடரல், அதாவது மத்திய அரசின் விதி. ஆகவே பராமரிப்பாளரின் சம்பளம் என்பது பெரும்பாலும் அரசு எழுதிய எண்தான். ஏஜென்சி முதலாளி நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு.

அந்த எண் என்னவாக இருந்தது தெரியுமா? டெக்சஸில் அட்டெண்டன்ட் என்று சொல்லும் பராமரிப்பாளர் வேலைக்கான அடிப்படைச் சம்பளம் 2023 வரை மணிக்கு 8.11 டாலர். அந்த வருடம் செப்டம்பரில் 10.60 ஆனது. 2025 செப்டம்பரிலிருந்து 13 டாலர். உயர்ந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக எத்தனையோ குடும்பங்களும் மாற்றுத்திறனாளிகளும் ஆஸ்டினுக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள், அவர்களுக்கு என் நன்றி. ஆனால் 13 டாலருக்கு வாரம் 40 மணி நேரம், ஒரு நாள்கூட விடாமல் வருடம் முழுக்க வேலை பார்த்தால் 27,040 டாலர். வரிப் பிடித்தத்துக்கு முன்னால் மாதம் 2,250 சொச்சம். டாலஸ் பக்கம் இருப்பவர்கள் தங்கள் வீட்டு வாடகையை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைவேயில் பக்கீஸ் கடைக்குப் போனால் வாசலிலேயே சம்பளப் பலகை வைத்திருப்பார்கள். கல்லாவில் நிற்பவருக்கு அங்கே இதைவிட நல்ல சம்பளம். அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். வலிப்பு வந்த ஒருவரின் உயிரைப் பார்த்துக்கொள்பவருக்கு அதைவிடக் குறைவு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது கண்ணுக்குத் தெரியும் பகுதி. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 911-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்க வேண்டும். மூக்கில் அடிக்கும் மருந்தை எப்போது அடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். பயிற்சியில் வராதது ஒன்று இருக்கிறது. என் மகன் இடது காதைப் பொத்திக்கொண்டு ஒரே இடத்தில் நின்றால் அவனுக்கு வயிற்று வலி என்று அர்த்தம். தண்ணீர் டம்ளரைத் தள்ளிவிட்டால் கோபம் இல்லை, வெளியே போகலாம் என்கிறான். பேசாத ஒருவனின் இந்த மொழியைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்காகும். கற்றுக்கொண்ட ஆள் வேலையை விட்டுப் போனால் அத்தனையும் அவரோடு போய்விடும். அடுத்து வருபவருக்கு நான் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுவரை என் மகன், தன்னைப் புரியாத ஒருவரிடம் தன் உடம்பைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும்.

போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களிடம் வந்து நன்றாகப் பழகிய ஒரு பெண்மணி அழுதுகொண்டேதான் போனார். அவருக்கும் இரண்டு குழந்தைகள். கிடங்கு வேலையில் மணிக்குப் பல டாலர் கூடக் கிடைத்தது, இன்ஷூரன்ஸும் இருந்தது. அவர் எடுத்த முடிவு சரி. இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் பணியாளர்களில் வருடத்துக்குச் சுமார் 40 சதவீதம் பேர் வேலையை விடுகிறார்கள் என்று பல மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்புகள் காட்டுகின்றன.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அனுமதிக் கடிதத்தில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று இருக்கும். ஆனால் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். டெக்சஸில் இந்த வீட்டுப் பராமரிப்புத் திட்டங்களில் இடம் பெறுவதற்கான காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று இங்கே குழந்தை வளர்க்கும் பெற்றோருக்குத் தெரியும். நாடு முழுவதும் 2024-இல் 7 லட்சம் பேர் அளவுக்குக் காத்திருந்தார்கள், அதில் நம் மாநிலத்தின் பங்கு மிகப் பெரியது. பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து இடம் கிடைத்த குடும்பம்கூட, கடைசியில் ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறது. (இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது இன்னும் பெயர் பதியவில்லை என்றால் இன்றே பதியுங்கள். குழந்தை சின்னது, அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.)

நம்மவர்கள் ஊரிலிருந்து அம்மா அப்பாவை விசிட்டர் விசாவில் வரவழைத்துச் சமாளிக்கிறோம். வழக்கமாக ஆறு மாதம், அதோடு அவர்கள் கிளம்ப வேண்டும். எழுபது வயதுப் பாட்டி, வளர்ந்த பேரனைப் பாத்ரூமில் தூக்கி நிறுத்த முடியுமா? "குடும்பம்தான் பார்த்துக்கணும்" என்று சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். நாங்கள் பார்க்காமல் இல்லை. நான் வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டேன், என் கணவர் இரவு விழித்திருக்கிறார். எங்கள் காலத்துக்குப் பின் அவனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு எங்கள் பாசம் மட்டும் பதில் ஆகாது. இந்த வேலையை ஒரு நிரந்தரத் தொழிலாக எடுத்துக்கொண்ட, அதில் பிழைக்க முடிகிற மனிதர்கள்தான் பதில்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். ஐடஹோ மாநிலத்தில் போனார்கள். அங்கே ரேட் 2006-இல் இருந்த அளவிலேயே நின்றுவிட்டது. செலவு கூடிவிட்டது, ஏற்ற வேண்டும் என்று மாநில அரசின் சொந்த ஆய்வே சொல்லியும் சட்டமன்றம் பணம் ஒதுக்கவில்லை. சேவை நிறுவனங்கள் வழக்குப் போட்டன, கீழ் நீதிமன்றங்களில் ஜெயித்தன. 2015-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், இந்த ரேட் விஷயத்தில் சேவை நிறுவனங்கள் மாநிலத்தின் மேல் இப்படி வழக்குத் தொடர முடியாது என்று சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகளைக் காரணமின்றிக் காப்பகங்களில் அடைத்து வைப்பது பாகுபாடு என்று 1999-இல் தீர்ப்பளித்ததும் இதே உச்ச நீதிமன்றம்தான். வீட்டில் வாழும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை நடைமுறையில் சாத்தியமாக்கும் ஆளுக்குச் சம்பளம் கேட்கத்தான் வாசல் அடைபட்டிருக்கிறது. மிச்சம் இருப்பது சட்டமன்றம் மட்டுமே.

"ரேட்டை ஏற்றினால் ஏஜென்சிதானே விழுங்கும்" என்ற சந்தேகத்தில் உண்மை இருக்கிறது. நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் ஏற்றும் பணத்தில் பெரும்பங்கு பணியாளர் கைக்குப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து. 2024-இல் ஃபெடரல் அரசு சில வகை வீட்டுப் பராமரிப்புச் சேவைகளுக்கு 80 சதவீதம் பணியாளர் ஊதியத்துக்கே என்று ஒரு விதி போட்டது. அதற்கு 2030 வரை அவகாசம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அதிகம் நம்பியிருக்கும் திறன் பயிற்சிச் சேவை (அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குவது) அதில் சேரவில்லை. அதைச் சேர்க்க வேண்டும். ஆனால் ரேட்டை அப்படியே வைத்துக்கொண்டு 80 சதவீதம் கொடு என்றால் சின்ன ஏஜென்சிகள் மூடிவிட்டுப் போய்விடும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

பணம் எங்கே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. டெக்சஸின் மெடிக்கெய்ட் செலவில் சுமார் 60 சதவீதத்தை ஃபெடரல் அரசு தருகிறது. பராமரிப்பாளர் ரேட்டில் ஒரு டாலர் கூட்டினால் மாநிலத்துக்குச் செலவு ஏறக்குறைய 40 சென்ட்.

இப்போது அவசரமாக இதை எழுத வேறு காரணமும் உண்டு. 2025 ஜூலையில் கையெழுத்தான ஃபெடரல் சட்டம் பத்து வருடத்தில் மெடிக்கெய்டிலிருந்து 900 பில்லியன் டாலருக்கு மேல் குறைக்கப்போகிறது என்பது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. நர்சிங் ஹோம் செலவு மெடிக்கெய்டில் கட்டாயம். வீட்டுப் பராமரிப்பின் பெரும்பகுதி மாநிலத்தின் விருப்பம். கை இறுகும்போது எதில் முதலில் கத்தரி விழும் என்று சொல்லத் தேவையில்லை. ஐடஹோ 2025 செப்டம்பரிலேயே மெடிக்கெய்ட் ரேட்டுகளில் 4 சதவீதம் குறைத்துவிட்டது. அதே ஜூலையில் தொழிலாளர் துறையும், வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு 2015-இலிருந்து இருந்துவரும் குறைந்தபட்ச ஊதிய, ஓவர்டைம் பாதுகாப்பைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. ஏற்கெனவே ஆள் கிடைக்காத வேலையில் இருக்கும் பாதுகாப்பையும் பிடுங்கினால் யார் வருவார்கள்?

டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது. அடுத்தது 2027 ஜனவரி. அதற்குள் ஒவ்வொரு வேட்பாளரிடமும், பிரதிநிதியிடமும் நாம் கேட்க வேண்டியவை: அடிப்படைச் சம்பளம் மேலும் உயர வேண்டும், விலைவாசியோடு சேர்ந்து வருடாவருடம் தானாக ஏற வேண்டும், உயர்வு பணியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கணக்குக் காட்ட வேண்டும். ஓட்டு இல்லாதவர்களும் போன் செய்யலாம், கடிதம் எழுதலாம், விசாரணைக் கூட்டத்தில் பேசலாம். உங்கள் பிரதிநிதி யார் என்று தெரியவில்லை என்றால் ஜிப் கோடை இன்பாக்ஸில் அனுப்புங்கள், தேடிச் சொல்கிறேன். என்ன பேசுவது என்று தயங்குபவர்களுக்கு நான் எழுதி வைத்திருக்கும் கடிதத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்.