தண்ணீர் போகிற குழாயில் மீனும் போகுமா?

"சாலைக்கு அடியில் குழாய் போட்டு ஓடையை விட்டால் போதும். சால்மன் அருவியையே தாவும் மீன், குழாயா அதைத் தடுக்கும்?" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

வளர்ந்த சால்மன் தாவும், சரிதான். ஆனால் கோஹோ என்னும் சால்மன் வகையின் குஞ்சு கடலுக்குப் போகுமுன் ஏறக்குறைய ஓராண்டு ஓடையிலேயே வளர்கிறது. விரல் நீளமே உள்ள அது, வெள்ளத்துக்கு ஒதுங்க மேல்நோக்கியும் நீந்த வேண்டும். சாலைக்கு அடியில் ஓடையை விடும் இந்தக் குழாய்க்குக் கல்வெர்ட் என்று பெயர். ஓடையைவிடக் குறுகலான கல்வெர்ட்டில் தண்ணீர் விரைந்து ஓடும். வழவழப்பான குழாயில் ஒண்டி இளைப்பாற ஒரு கல்கூட இருக்காது. அந்த வேகம் வெளிவாயில் மண்ணை அரிக்க, நாளடைவில் குழாயின் உதடு அந்தரத்தில் தொங்கும். தாவும் பெரிய மீனுக்கும் கீழே போதிய ஆழம் வேண்டுமே!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இது வழக்காகவே போனது. 1850-களின் ஒப்பந்தங்கள் தந்த மீன்பிடி உரிமையைக் காட்டிப் பழங்குடிகள் 2001-இல் நீதிமன்றம் சென்றனர். மீனை மறிக்கும் கல்வெர்ட்டுகளைச் சரிசெய்ய 2013-இல் உத்தரவு வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் 4-4 எனப் பிரிந்ததால் அந்த உத்தரவே நிலைத்தது.

அப்படியானால் பெரிய குழாய் போட்டால் தீர்ந்ததா? அளவு மட்டும் போதாது. அங்கே பின்பற்றும் ஒரு முறையில், ஓடை கரை நிரம்ப ஓடும்போது உள்ள அகலத்தை 1.2-ஆல் பெருக்கி, மேலும் 2 அடி சேர்த்து, அதைக் கல்வெர்ட்டின் அகலமாக வைக்கிறார்கள். உள்ளே ஓடையின் சரிவிலேயே கல்லும் சரளையும் பரப்புகிறார்கள்.