மணலைப் பேசுகிறோம், ஊசியைப் பேசுவதில்லை

குமரி மாவட்டத்தில் புற்றுநோய் என்று பேச்செடுத்தாலே அது இயற்கையாகவே கதிர்வீச்சுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில்தான் போய் நிற்கும். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் வருகிறதா என்ற கேள்வி கேட்கப்பட வேண்டியதே. ஆனால் காரணம் ஐயமறத் தெரிந்த, தடுக்கவும் கூடிய ஒரு புற்றுநோயைப் பற்றி, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கு எந்தப் பேருந்தில் போக வேண்டும் என்று வீட்டுக்கொருவர் அறிந்திருக்கும் இந்த ஊரில், ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

கருப்பை வாய்ப் புற்றுநோயைச் சொல்கிறேன். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு இது வருகிறது. ஏறத்தாழ எல்லோருக்குமே காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ்தான், 1980களில் இந்தத் தொடர்பை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். உடலுறவின் வழியே பரவும் மிகச் சாதாரணமான வைரஸ் இது. பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானே விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் தங்கி, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. அவ்வாறு வருவனவற்றில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டே வகைகள் பொறுப்பு. தடுப்பூசி அவ்விரண்டையும் தடுக்கிறது.

"பிள்ளைக்கு இன்னும் கல்யாண வயசே ஆவல்ல, இப்பவே இந்த ஊசி எதுக்கு மயினி?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். பன்னிரண்டு வயது மகளின் தாய் அவர். வயது ஆகவில்லை என்பதால்தான் இப்போதே போட வேண்டும். ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸை இந்த ஊசியால் வெளியேற்ற முடியாது. அதனால்தான் 9 முதல் 14 வயது வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 17 வயதுக்கு முன்பே போட்டுக்கொண்டவர்களிடம் இந்நோய் 88 சதவீதம் குறைந்திருந்ததை 2020இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது.

பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஊசியில் இருப்பது வைரஸின் வெளிக்கூட்டைப் போன்ற புரதம் மட்டுமே. நோயை உண்டாக்கும் மரபணு அதில் கிடையாது. உண்மையில் கருப்பையையே அகற்ற நேர்வது இந்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில்தான்.

விலைதான் பலரைத் தடுத்தது. இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் தடுப்பூசி 2023இல் வந்த பிறகும், தனியாரிடம் ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய் என்பது கூலிவேலை செய்யும் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. 14 வயதுச் சிறுமிகளுக்கு இதை வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது நல்ல முடிவு.

ஊசி போட்டுக்கொண்டாலும் முப்பது வயதுக்குப் பிறகு கருப்பை வாய்ப் பரிசோதனை தேவை. அந்தத் தாய்க்கும் அதைத்தான் சொன்னேன். இன்னொன்று: வைரஸைக் கடத்துவதில் ஆண்களுக்கும் பங்குண்டு என்பதால் இதைப் பெண்கள் சங்கதி என்று ஒதுக்குவது பொருந்தாது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிய பேச்சுக்கு நடுவே ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். அப்பாக்கள் கலைந்து போவதற்கு முன்பாக.