அவள் மணி பார்க்கவில்லை

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். அந்த வீடியோவை எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். "உங்க ஆளு பண்ற வேலையைப் பாருங்க சிஸ்டர்" என்று சிரிக்கிற பொம்மையோடு அனுப்பியவர்களும் உண்டு. எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் வந்து விழுந்தது. போட்டது வேறு யாருமில்லை, என் சொந்தத் தம்பி. அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த வீடியோ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மொத்தம் 41 விநாடி. இருமலும் காய்ச்சலுமாக ஒரு குழந்தை அம்மா மடியில் இருக்கிறது. மூன்றடி தள்ளி, என்னைப் போலவே ஒரு நர்ஸ், அந்தப் பெண் நிற்கிறாள். தொடவில்லை, பேசவில்லை. குழந்தையின் நெஞ்சைப் பார்க்கிறாள், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், திரும்பவும் நெஞ்சைப் பார்க்கிறாள். அப்பா கேமராவுக்குப் பின்னாலிருந்து, "என்ன பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்று கத்துகிறார். மேலே தலைப்பு வேறு: "டூட்டி எப்ப முடியும்னு மணி பார்க்கிறாங்க மேடம்."

அவள் மணி பார்க்கவில்லை. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

குழந்தைகளின் மூச்சு பெரியவர்களுடையது மாதிரி ஒரே சீராக வராது. கொஞ்சம் வேகமாகப் போகும், ஒரு கணம் நிற்கும், மறுபடி ஓடும். அதனால்தான் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கும் கணக்கு இங்கே சரிவராது. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டும். இருமலோடு வரும் பிள்ளையிடம் எந்த மெஷினையும்விட முந்திப் பேசுவது இந்த எண்தான். இதையும் குழந்தை அமைதியாக இருக்கும்போதுதான் எண்ண முடியும். அழும் குழந்தையின் மூச்சை எண்ணி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். 38-வது விநாடியில் அப்பா போட்ட சத்தத்தில் குழந்தை மிரண்டு அழ ஆரம்பிக்கிறது. அந்தப் பெண் ஒரு நொடி கண்ணை மூடித் திறக்கிறாள். "திமிரு" என்று அதற்குக் கீழே முந்நூறு பேர் எழுதியிருக்கிறீர்கள். திமிரில்லை சார். எண்ணிக்கை போச்சு. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"சரி, எண்ணட்டும். முதலில் தொட்டுப் பார்க்கக்கூடாதா, ஸ்டெதஸ்கோப் வைக்கக்கூடாதா?" என்பீர்கள். கூடாதுதான். குழந்தைகள் அவசரப் பிரிவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, கையைப் பின்னால் கட்டிக்கொள் என்பது. வாசலில் நின்றே பார்க்க மூன்று விஷயம் இருக்கிறது. குழந்தை எப்படி இருக்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, தோல் என்ன நிறத்தில் இருக்கிறது. அரை நிமிடம் போதும். அம்மாவைப் பார்க்கிறதா, வெறித்துப் பார்க்கிறதா? தூக்கினால் சமாதானம் ஆகிறதா? மூக்கின் இரு பக்கமும் விடைக்கிறதா, விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு முனகல் கேட்கிறதா? உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, தோலில் திட்டுத்திட்டாக வெளுப்பு தெரிகிறதா? முன்பின் தெரியாத ஒருத்தி போய்க் குளிர்ந்த இரும்பை நெஞ்சில் வைத்த நிமிடமே இதில் பாதி அழிந்துவிடும். அதனால்தான் அம்மா மடியை விட்டு இறக்காமல், தள்ளி நின்று பார்க்கிறோம். அதற்குப் பெயர் வேடிக்கை பார்ப்பது இல்லை. அதுதான் வேலை. சம்பளமே அதற்குத்தான்.

இன்னொரு குற்றச்சாட்டு, "பின்னாடி வந்தவங்களை முன்னாடி கூப்பிட்டாங்க." வீடியோவின் இடது ஓரத்தை யாராவது பார்த்தீர்களா? ஒருவர் தோளில் ஒரு பிள்ளையைப் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார். அந்தப் பிள்ளை அழவில்லை. இரண்டு கையும் அப்பா முதுகில் தொங்குகின்றன, கழுத்து நடைக்கு ஏற்ப ஆடுகிறது. மூன்று விநாடிதான் தெரிகிறது. எனக்கு அந்த மூன்று விநாடியில் வயிற்றைப் பிசைந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வரிசையில் ஒரே கூச்சல். கையில் வெட்டுக்காயத்தோடு ஒரு பையன் கட்டடமே அதிரக் கத்திக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அவனைத்தான் பார்த்தேன். எங்கள் மூத்த சிஸ்டர் அந்தக் கூச்சலைத் தாண்டி நேராக வரிசையின் கடைசிக்குப் போனார். அங்கே ஓர் அம்மா மடியில் ஆறேழு மாதக் குழந்தை, நல்ல பிள்ளையாக, சத்தமே இல்லாமல். இரண்டு நாளாக வயிற்றுப்போக்காம். சிஸ்டர் அதன் நெஞ்சில் ஒரு விரலை வைத்து ஐந்து விநாடி அழுத்தி எடுத்தார். வெளுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் ரத்தம் திரும்ப வேண்டும். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... அந்த வெள்ளை வட்டம் அப்படியே இருந்தது. உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருந்தது, உடம்பில் நீர் அவ்வளவு வற்றிப்போயிருந்தது. பையன் கத்தினான் என்றால் அவனுக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, தெம்பு இருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. "அழற பிள்ளை காத்திருக்கும்டி. அழாததைத் தேடு," என்றார் சிஸ்டர். அந்தக் குழந்தை பிழைத்தது. நான் அன்று சாப்பிடவில்லை.

குழந்தைகளின் உடம்பு கடைசிவரை சமாளிக்கும். ரத்தமோ நீரோ குறைந்தால் இதயம் வேகமாக அடித்து, ரத்தக் குழாய்கள் இறுகி, ரத்த அழுத்தத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். பிறகு ஒரேயடியாகச் சரியும். பிரஷர் குறையட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் நேரம் கடந்திருக்கும். பத்துக் கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 800 மில்லி சொச்சம்தான். பெரியவர்களுக்கு ஒன்றுமில்லாத கசிவு அதற்குப் பெரிய நஷ்டம். இதெல்லாம் தெரிந்தவள்தான் வரிசையைக் கலைக்கிறாள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளான்டைர் நகர மருத்துவமனையில் இப்படி வாசலிலேயே ஆபத்துக்குறி பார்த்துக் குழந்தைகளைப் பிரிக்க ஆரம்பித்து, அவசரக் கவனிப்பையும் சீர்படுத்தினார்கள். உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு குறைந்தது. வரிசையை மாற்றுவது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

"எடை பார்க்கச் சொன்னாங்களாம்! காய்ச்சல்ல துடிக்குது, இவங்களுக்கு எடை வேணுமாம்!" இந்தக் கமெண்டுக்கு ஆயிரம் லைக். குழந்தைகளுக்கு மருந்தே கிலோ கணக்கில்தான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் சாதாரண பாராசிட்டமால்கூட கிலோவுக்கு 15 மில்லிகிராம். எடை தெரியாமல் எதை ஊற்றுவது? தசமப்புள்ளி ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு மருந்து. அது நடந்தால் அதற்கும் ஒரு வீடியோ எடுப்பீர்கள், அதில் நியாயமும் இருக்கும்.

"நீங்க உங்க ஆளுங்களுக்குத்தானே பேசுவீங்க." ஆமாம், பேசுவேன். யார் பேசுவார்கள் பின்னே? எரிந்து விழுகிற நர்ஸுகள் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும், அவர்களோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்த வீடியோ அது இல்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

"பெத்தவங்க பதற மாட்டாங்களா?" இதற்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் நானும் கத்தியிருக்கிறேன். என் மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் ஏறி ஃபிட்ஸ் வந்தது. எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பேன், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆபத்து என்று. அன்று ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. நைட்டியோடு, செருப்பில்லாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் வேலை பார்க்கும் இடம் இல்லை அது. அங்கிருந்த நர்ஸ் என் மகன் முகத்துக்கு நேரே குனிந்து, தலையைச் சாய்த்து அவனையே பார்த்தாள். "என்ன பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்று கத்தினேன். இதே வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. அவள் நிமிராமலே சொன்னாள், "கத்தாதீங்கம்மா. அவன் என்னைப் பார்க்கிறான்." வலிப்பு நின்று அவன் கண் அவள் விரலோடு நகர்ந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் கால் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள்.

ஆக, பதற்றம் எனக்குப் புரிகிறது. நான் போனை எடுத்து அவளைப் படம் பிடிக்கவில்லை. அது மட்டும்தான் வித்தியாசம்.

"ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாமே?" எண்ணும்போது எப்படிப் பேசுவது? இருபத்தேழு, இருபத்தெட்டு, பாருங்க சார் நான் இப்போ உங்க பிள்ளையின் மூச்சை, இருபத்து... போச்சு. எண்ண ஆரம்பிக்கும் முன்னால் "ஒரு நிமிஷம் மூச்சை எண்ணப் போறேன்" என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்வேன். ஆனால் வெளியே இருபது பிள்ளைகள் நிற்கும்போது, பத்து மணி நேரம் நின்ற காலோடு, ஒவ்வொரு தடவையும் சொல்வேனா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன்.

கேள்வி கேட்டாலும் குற்றம். "எப்படி விழுந்தான்னு மூணு தடவை கேட்கிறாங்க, போலீஸா இவங்க?" கேட்போம். கட்டிலிலிருந்து தானாக உருண்டு விழுந்தது என்று ஒரு குழந்தையைக் கொண்டுவருவார்கள். உருளவே தெரியாத வயசு அதற்கு. நடக்காத, தவழாத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன தழும்பு இருந்தால், அந்தக் குழந்தைக்காகக் கேட்க அந்த அறையில் எங்களை விட்டால் ஆளில்லை. நல்ல பெற்றோரிடமும் அதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அந்த மாதிரி ஒரு குழந்தையைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காரணம் சொல்லாமல் உட்கார்ந்திருந்த இரவு எனக்குத் தெரியும். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. முகத்தை மறைக்கக்கூட இல்லை நீங்கள். இன்று வேலைக்குப் போனாளோ இல்லையோ. போயிருந்தால் கடிகாரத்தைப் பார்க்கவே கை கூசியிருக்கும். அடுத்த இருமல் பிள்ளைக்கு அரைகுறையாக எண்ணி ஏதோ ஒரு நம்பரை எழுதிவிட்டால்? யாரும் கத்தமாட்டீர்கள். பார்ப்பதற்குச் சுறுசுறுப்பாக இருக்கும்.

சரி, நேற்று ராத்திரி கதை. பதினொன்றரை மணிக்குத் தம்பியிடமிருந்து போன். "அக்கா, பிள்ளைக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" அவன் மகனுக்கு மூன்று வயசு. தூங்குகிறானா என்றேன், தூங்குகிறான் என்றான். "விளக்கைப் போடு. சட்டையை மேலே தூக்கிவிடு. நெஞ்சும் வயிறும் தெரியற மாதிரி முழுசா ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்பு. எழுப்பாதே, பேசாதே."

முதலில் அனுப்பியது அரை நிமிடம்தான் இருந்தது. முழுசா எடு என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாவது ஒரு நிமிடம் நாலு விநாடி. போனுக்குப் பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். 28. நெஞ்சில் குழி விழவில்லை, மூக்கு விடைக்கவில்லை, உதடு நல்ல நிறத்தில் இருந்தது. காலையில் டாக்டரிடம் காட்டு, நடுவில் நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழுந்திருக்காவிட்டாலோ அந்த நிமிடமே கிளம்பு என்றேன்.

"தேங்க்ஸ்க்கா" என்று கும்பிடும் கை பொம்மை அனுப்பினான். குடும்பக் குழுவைத் திறந்து பார்த்தேன். அவன் போட்ட வீடியோ அப்படியேதான் இருக்கிறது. அதற்குக் கீழே சித்தப்பா கைதட்டியிருக்கிறார்.