ஏறவிடாமல் காட்டப்பட்ட செஞ்சி

அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பல குழுக்களிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. செஞ்சிக் கோட்டையின் பெரிய மலையான ராஜகிரியின் அடிவாரம். கையில் மைக்கோடு வழிகாட்டி. எதிரே குடையை ஊன்றிக்கொண்டு ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர். "மேல ஏறத்தானே தம்பி காசு கட்டினேன்" என்கிறார். "உங்க வயசுக்குக் கீழ நின்னு கும்பிட்டுட்டுப் போறதே புண்ணியம்மா" என்று மைக்கிலேயே பதில் வருகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அத்தோடு வீடியோ முடிகிறது.

இரண்டு நாளில் நான்கு கோட்டை என்று சென்னையிலிருந்து கூட்டிப்போன அந்தச் சுற்றுலாப் பேருந்தில் நானும் இருந்தேன். வீடியோவில் வராததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அன்றைக்கு ராஜகிரி மேல் யாருமே ஏறவில்லை. டீச்சர் மட்டும் இல்லை, கல்லூரிப் பிள்ளைகள் ஏறவில்லை, தினமும் ஓடிப் பழகியவர்கள் ஏறவில்லை. சென்னையில் ஆள் ஏற்றி முடிக்கவே விடிந்துவிட்டது, காலைச் சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் நேரம் போனது, மதியச் சாப்பாடு திருவண்ணாமலையில் சொல்லியாகிவிட்டது. கல்யாண மகாலுக்கு முன்னால் குழுப்படம், களஞ்சியத்துக்குள் ஒரு எட்டு, ஆனைக்குளத்தைத் தூரத்திலிருந்து கை காட்டியது. அவ்வளவுதான் செஞ்சி. நேரம் இல்லாததால் மொத்தப் பேருந்தையும் கீழேயே நிறுத்தினார்கள். அந்தப் பழியைத் தூக்கி ஒரே ஒருத்தரின் நரைத்த தலைமேல் வைத்தார்கள். சிரித்தவர்களும் ஏமாந்தவர்கள்தான், அது அவர்களுக்கு இன்னும் புரியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மலைக்கோட்டையை ஏறித்தான் பார்க்க வேண்டும். ஏறுவதற்கு நேரம் ஒதுக்காத பயணத்துக்கு மலைக்கோட்டைப் பயணம் என்று பெயர் வைக்கக்கூடாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அரண்மனையை நின்று பார்க்கலாம், கோயிலைச் சுற்றி வந்து பார்க்கலாம். மலைக்கோட்டை அப்படி இல்லை. அங்கே கட்டடத்தைவிடப் பாதைதான் முக்கியம். ராஜகிரியில் வாசல் வாசலாக ஏறிப் போகிறோம். ஒவ்வொரு வாசலையும் நேராக வந்து முட்ட முடியாதபடி பாதையைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு நேர் மேலே மதில். இங்கிருந்து ஒரு கல்லை உருட்டினாலே போதுமே என்று அப்போதுதான் உறைக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவு. சுமார் 800 அடி உயரத்தில், கையளவு ஆட்கள் ஒரு படையையே நிறுத்தி வைக்கலாம். கீழே நின்று மைக்கில் எவ்வளவு நேரம் பேசினாலும் இதைக் காட்ட முடியுமா?

1690-இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்த சிவாஜியின் மகன் சத்ரபதி ராஜாராம் உள்ளே. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வெளியே. 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து முற்றுகை போட்டவர்களையே வளைத்துக்கொள்ள, முகலாயப் பாளையம் தானியத்துக்குத் திண்டாடியது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, தப்பிவிட்டார். இத்தனை வருஷம் ஒரு பேரரசின் படையை ஒரு ஊர் எப்படி நிறுத்தியது என்றுதான் டீச்சர் கேட்டார். "தண்ணிக்கு என்ன பண்ணாங்க தம்பி?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. நல்ல கேள்வி. மலைமேல் சுனை, அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம், கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் வந்த தண்ணீர் என்று ஒரு மணி நேரம் பேசலாம். வந்த பதில், "அதெல்லாம் கூகுள்ல இருக்கும்மா." அது வீடியோவில் இல்லை. மைக்கில் சொன்ன புண்ணியத்தைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

தேசிங்கு ராஜா கதையை மட்டும் வளைத்து வளைத்துச் சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. நீலவேணிக் குதிரையும், கல்யாணக் கோலத்திலேயே போருக்கு வந்த நண்பன் மகபத் கானும் இல்லாமல் என் சிறுவயதே இல்லை. 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து நின்று செத்த அந்தப் பையனுக்காக இன்றைக்கும் என் அத்தை கண் கலங்குவார். கதையைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கதையைச் சொல்லிவிட்டு, இதோ இந்த மலைதான் என்று கை நீட்டிவிட்டு, பேருந்தில் ஏறச் சொன்னால் எப்படி?

நான் இந்த மலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்பாவிடம். திண்டிவனத்திலிருந்து முதல் பேருந்தில் கூட்டிப் போவார். அவர் வரலாறு படித்தவர் இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். ஒவ்வொரு வாசலிலும் என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் நின்றுகொள்வார். "நீதான் எதிரி. எப்படி உள்ள வருவ, சொல்லு" என்பார். நான் ஒரு வழி சொல்வேன். "அங்க வந்தீன்னா மேலேர்ந்து அம்பு. அடுத்தது?" வேறு வழி சொல்வேன். அதற்கும் ஏதாவது வைத்திருப்பார். உச்சிக்குப் போவதற்குள் நான் பல தடவை செத்திருப்பேன். கோட்டை என்றால் என்னவென்று எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. பிற்காலத்தில் அவருக்கு முட்டி தேய்ந்துபோனது. அப்போதும் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேர்ந்து காவல்" என்றார். பாதி மலை. ஆனால் அது அவராக முடிவு செய்த பாதி. யாரும் மைக்கில் சொல்லி அவரை உட்கார வைக்கவில்லை.

அதனால்தான் "வயசானவங்க வீட்டுல இருக்கலாமே, ஏன் குரூப்போட வந்து எல்லாரையும் லேட் பண்ணணும்" என்று கருத்துப் பகுதியில் எழுதியவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெயர் போடவில்லை. படித்துக்கொண்டுதான் இருப்பார். சார், அவர் யாரையும் தாமதப்படுத்தவில்லை. எல்லோருக்கும் முன்னால் பேருந்தில் வந்து உட்கார்ந்தவர் அவர்தான். வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் செஞ்சி வரைபடம் போட்டு பாடம் நடத்தியவர், ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொந்தப் பென்ஷன் காசில் வந்தார். யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் முதல் வாசல் வரையாவது போயிருப்பார். நான் வருகிறேன் என்றேன், இன்னும் சிலரும் வந்தார்கள். "இப்ப ஏறினா பஸ் நிக்காது" என்று சொல்லிவிட்டார்கள்.

"ரெண்டு நாள்ல அவ்வளவுதாங்க முடியும்" என்கிறீர்கள். சரி. ரெண்டு நாளில் நான்கு கோட்டை என்று போட்டது யார்? செஞ்சி, கிருஷ்ணகிரி, சங்ககிரி, நாமக்கல். சென்னையிலிருந்து கிளம்பி இந்த நாலையும் தொட்டுத் திரும்ப வண்டி ஓட்டவே ஒரு நாள் போய்விடும். வரைபடத்தைப் பார்த்தாலே தெரிகிற கணக்கு. செஞ்சியில் மட்டும் மூன்று பெரிய மலை, சுற்றி சுமார் 13 கிலோமீட்டர் மதில். ராஜகிரிக்கு அரை நாள் வேண்டும். எதிரே உள்ள கிருஷ்ணகிரிக்கு (செஞ்சிக்குள் இருக்கும் மலையைச் சொல்கிறேன், ஊரை இல்லை) இன்னொரு அரை நாள். சங்ககிரி? 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். அங்கே முதல் வாசலோடு திரும்பினோம். நாமக்கல் ஒன்றுதான் உருப்படியாக முடிந்தது. ஒரே பாறை, சீக்கிரம் ஏறி இறங்கலாம். அங்கே டீச்சரும் மேலே வந்தார், நிதானமாக, யாருடைய கையையும் பிடிக்காமல். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"வெயில், குரங்கு, யாராவது விழுந்தா யார் பொறுப்பு" என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. ராஜகிரியில் குரங்குத் தொல்லை உண்மை. படிகள் செங்குத்து, பாறை சுடும். பிற்பகலுக்குப் பிறகு காவலர்களே மேலே விடமாட்டார்கள். அப்படியென்றால் விடியற்காலையில் போய் நில்லுங்கள். முதல் நாள் இரவே திண்டிவனத்திலோ செஞ்சியிலோ தங்க வையுங்கள். ஏற முடியாதவர்களுக்குக் கீழே வெங்கடரமணர் கோயில் இருக்கிறது, சாதத்துல்லா கான் மசூதி இருக்கிறது. நாள் முழுக்கப் பார்க்கலாம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. அதைச் சொன்னால் அடுத்த தடவை புதுச்சேரி போகும்போதாவது ஒருத்தர் நின்று பார்ப்பார். ஏறாதவருக்கும் மரியாதையாக ஒரு கோட்டையைக் காட்டலாம். அதற்கு அவரைக் கேலி செய்யத் தேவையில்லை.

வழிகாட்டித் தம்பிக்குச் சம்பளம் குறைவு, அவரைக் குறை சொல்லாதே என்றும் சிலர் எழுதினீர்கள். அதை ஒத்துக்கொள்கிறேன். அட்டவணை போட்டது அவர் இல்லை, நேரம் போதாமல் எல்லோரிடமும் திட்டு வாங்கியது அவர்தான். அவர் வேலை போக வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் மைக் அவர் கையில் இருந்தது. ஒரு மன்னிப்பு கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

"பிடிக்கலைன்னா தனியா போங்க" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் போவேன். எனக்கு வண்டி இருக்கிறது, ஊர் தெரியும். தனியாகப் போக முடியாதவர்கள்தான் இந்த மாதிரிக் குழுவை நம்புகிறார்கள். கணவரை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், துணைக்கு ஆள் இல்லாத பெண்கள். அவர்களுக்காகத்தான் "பாதுகாப்பான வழிகாட்டுதலுடன்" என்று போஸ்டரில் போடுகிறார்கள். அவர்களிடமே காசை வாங்கிக்கொண்டு அவர்களையே சுமை என்றால் கோபம் வராதா?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. அன்றைக்கு முகநூலே தீப்பிடித்தது. கோனார்கள் கட்டியதை மராட்டியர் பெயரில் சேர்ப்பதா என்று எவ்வளவு பதிவுகள்! நானும் எழுதினேன். ஆனந்தக் கோனிலிருந்து நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சு, ஆங்கிலேயர் வரை எல்லோருடைய கையும் பட்ட கோட்டையை ஒரே பெயரில் அடைப்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கொதித்தவர்களில் எத்தனை பேர் ராஜகிரி ஏறியிருக்கிறீர்கள்? நம்முடையது என்று சண்டை போடுகிறோம். அதை ஏறிப் பார்க்க வந்த ஒரு தமிழ்நாட்டு டீச்சரை அடிவாரத்தில் நிறுத்திச் சிரிக்கும்போது ஒருத்தரும் கொதிக்கவில்லை. அந்த வீடியோவுக்கு விழுந்திருப்பதெல்லாம் சிரிப்பு முகங்கள்.

டீச்சரிடம் நேற்று பேசினேன். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்களாம், வேண்டாம் என்றுவிட்டார். மார்கழியில் வெயில் தாழ்ந்ததும் போகலாமா என்று என்னைக் கேட்டார். போகிறோம். செஞ்சி மட்டும். காலையில் வாசல் திறக்கும்போது நிற்போம், முடிகிற வரை ஏறுவோம். கூட வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். காசு கிடையாது, பேருந்துச் சீட்டு அவரவர் பொறுப்பு.

அந்தப் பயணக்காரர்களின் அடுத்த மாதப் போஸ்டர் இன்று காலை வந்துவிட்டது. திண்டுக்கல்லையும் சேர்த்திருக்கிறார்கள். அதே இரண்டு நாள், இப்போது ஐந்து கோட்டை. அதை என் பதிவின் கீழ் கொண்டுவந்து போடாதீர்கள். போட்டால் நீக்கிவிடுவேன்.