கருத்தரங்கா, கறிவிருந்தா?

மஞ்சள் சாகுபடிக் கருத்தரங்கு என்று அழைப்பிதழ் வந்தது, ஈரோட்டில், காலை 10 மணிக்கு. கிழங்கு அழுகலுக்கு ஏதாவது வழி சொல்வார்கள் என்று நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் கட்டும் வேலையையும் விட்டுவிட்டுப் போனேன். பதினொன்றரை வரை குத்துவிளக்கு, பொன்னாடை, மேடையில் இருக்கிற பதினாலு பேருக்கும் தனித்தனியாக நன்றி. அப்புறம்தான் நிபுணர் மைக்கைப் பிடித்தார். வடிகால் சரியில்லாமல் தண்ணீர் தேங்கினால் பூஞ்சாணம் பிடிக்கும், நடுவதற்கு முன்னாடியே விதைக்கிழங்கை நேர்த்தி செய்யணும் என்று ஆரம்பித்தார் பாருங்கள், உடனே ஒருவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார்: 'இலை போட்டாச்சு'. அவ்வளவுதான், கூடம் காலி.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், பள்ளிபாளையம் சிக்கனில் தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் அளவாகவே இருந்தன. ஆனால் விருந்து என்றால் விருந்து என்றே போடுங்களேன், வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்! 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் நமக்கு என்ன விலை கிடைக்கும் என்றாவது பேசியிருக்கலாம் என்று பந்தியில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். "அதெல்லாம் அடுத்த வருசம் பார்த்துக்கலாமுங்க, ரசம் வாங்குங்க" என்கிறார்.

நோட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது: வடிகால்.