கனம் சைபர்

(பெங்களூரு, ராமமூர்த்தி நகர். 30-க்கு 40 சைட்டில் ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. சிமெண்ட் மூட்டைகளின் மேல் லேப்டாப். அதில் ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் டிராயிங் போடும் வித்யா. கரணையைத் துடைத்தபடி முனுசாமி மேஸ்திரி வருகிறார்.)

முனுசாமி: என்னம்மா, பெட்ரூம் சுவர் டிராயிங் முடிஞ்சுதா?

வித்யா: சுவர் முடிந்துவிட்டது அண்ணே. தூண் கிட்டே வந்ததும்தான் மக்கர். பூச்சு தூணுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. காங்கிரீட் அம்மணமாகத் தெரிகிறது.

முனுசாமி: தூண் மேலேயும் இழுத்துப் பூச வேண்டியதுதானே?

வித்யா: சாதாரணத் தூண் என்று போட்டால் பூச்சு தானாகச் சுற்றி வரும். ஸ்ட்ரக்சுரல் தூண், அதாவது பாரம் தாங்கும் தூண், என்று போட்டால் வராது.

முனுசாமி: தூணில் கூடவா சாதா, ஸ்பெஷல்? சரி, சாதாவையே போடேன்.

வித்யா: போட்டால் என்ஜினீயர் கணக்கில் தூணே இருக்காது. வீடு எதன் மேல் நிற்கிறது என்று கேட்பார்.

முனுசாமி: பிளாக்கும் காங்கிரீட்டும் சேரும் இடத்தில் வெடிப்பு வரக்கூடாது என்று கோழி வலை அடிக்கிறோமே, அது எங்கே?

வித்யா: அதற்கு இதில் இடம் இல்லை. பக்கத்தில் அம்புக்குறி போட்டு எழுத்தில் எழுதுவோம்.

முனுசாமி: எழுதினால் வெடிக்காதா?

(வித்யா பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?)

வித்யா: இதைப் பாருங்கள். சுவரின் ஒவ்வொரு லேயருக்கும், அதாவது அடுக்குக்கும், ஒரு நம்பர். பிளாக்குக்கு 1, பூச்சுக்கு 4, 5. இரண்டு சுவர் முட்டினால் 1 உள்ளே நுழையும், 5 ஒதுங்கி நிற்கும். இந்த பாத்ரூமின் 4 அங்குலச் சுவர், 8 அங்குலச் சுவரின் பூச்சைக் கிழித்துக்கொண்டு பிளாக்கோடு சேர்கிறது. அது சரி. ஆனால் கூடவே டைலும் கிளம்பி பெட்ரூம் பக்கம் எட்டிப் பார்க்கிறது!

முனுசாமி: கட்டிலுக்குப் பின்னால்தானே, யாருக்குத் தெரியும்? இந்தக் கதவு ஓரம் என்ன, உள்ளே வெறும் பிளாக்காகத் தெரியுது?

வித்யா: பூச்சு அந்த ஓரத்தில் திரும்ப வேண்டும் என்று சுவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் எதுவரை திரும்பலாம் என்று கதவிடமும் சொல்ல வேண்டும்.

முனுசாமி: எங்கள் சித்தாளுக்குக்கூட இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாத்ரூம் சுவருக்கு வாட்டர்புரூஃப் போட்டாயா?

வித்யா: போட்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாது. அந்த லேயருக்குக் கனம் சைபர்.

முனுசாமி: சைபரா?

வித்யா: சைபர்தான் வைக்க வேண்டும். 1 மில்லி கொடுத்தாலும் ஏற்காது.

முனுசாமி: போன சைட்டில் கான்ட்ராக்டர் போட்டது இதுதானா! கீழ் வீட்டில் ஒழுகும்போதே நினைத்தேன். பில்லில் மட்டும் நல்ல கனம்.

வித்யா: சிரிக்காதீர்கள் அண்ணே. சாயங்காலத்துக்குள் இந்த மூலையைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். அப்போதுதான் நீங்கள் கட்ட முடியும்.

முனுசாமி: கட்டுவதா? காலையிலேயே நாலு வரிசை ஏற்றியாச்சே.

வித்யா: எதைப் பார்த்து?

முனுசாமி: நேற்று சிமெண்ட் பை மேல் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாயே, அதைப் பார்த்துத்தான். ஒரே ஒரு மாற்றம். 8 அங்குல பிளாக் லாரி கே.ஆர்.புரம் பாலத்துக்கிட்டே மாட்டிக்கொண்டது. இருந்த 6 அங்குலத்திலேயே ஏற்றிவிட்டேன்.

வித்யா: ஆறா! ஆறாக்கினால் இதில் சுவர் இரண்டு பக்கமும் சுருங்கும். டைல், பூச்சு, அளவு எல்லாம் இடம் மாறும். வேண்டாம், இந்தச் சுவரையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன்... ஐயோ!

முனுசாமி: என்னம்மா?

வித்யா: சுவரோடு கதவும் போய்விட்டது. ஜன்னலும் போச்சு.

முனுசாமி: நாங்கள் சுவரை இடித்தால் கதவையாவது கழற்றி வைப்போம். சிவாஜிநகர் குஜிரியில், அந்தப் பழைய சாமான் சந்தையில், போட்டால் டீச் செலவுக்கு ஆகும்.